கண்டு செய்யும் ஜீவதயை



சித்திரையும் வைகாசியும் இளவேனிற் பருவம் எனத் தமிழ் மரபு வகுத்துள்ளது. அப்பருவத்தில் நமக்கு அமைந்த புண்ணிய நாள் அட்சய திருதியை. அந்நாளின் வரலாற்றை ஸ்ரீபுராணம் வாயிலாக நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் அதிலுள்ள ஒரு செய்தியை மீண்டும் எண்ணிப் பார்ப்பது இப்பருவத்தில் நமக்குப் பெரிதும் பயன்படும்.

ஆதிபகவன் துறவு மேற்கொண்டு, ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்து, அதன்பின் ஆகாரம் ஏற்பதற்காக ஊர்தோறும் எழுந்தருளினார். மக்கள் அன்பில்லாதவர் அல்லர். தம்மை ஆண்ட பெருமான் வருகின்றார் என்று ஓடோடி வந்தனர். பொன்னும் மணியும் கொணர்ந்தனர். ஆடையும் அணியும் கொணர்ந்தனர். யானை, குதிரை, தேர் முதலியவற்றைக் கொணர்ந்தனர். தம் கன்னியரையும் கொடுக்க முன்வந்தனர். பகவன் எதனையும் ஏற்காது மௌனமாய் நடந்தார். இவ்வாறு மேலும் பல திங்கள் கழிந்தன. இறுதியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன், முற்பிறப்பில் முனிவருக்கு ஆகாரம் அளித்த நினைவு தோன்றப் பெற்று, முறையறிந்து கருப்பஞ்சாறு அளித்தான். பகவன் ஏற்றருளினார். தானம் என்னும் அறம் அன்று தொடங்கிற்று.

கொடுக்க வந்தவர் எண்ணற்றோர். கொடை நிறைவேறியதோ ஒருவன் கையில். மற்றையோர் தமக்கு எது உயர்வாகத் தோன்றியதோ அதைக் கொடுத்தனர். சிரேயாம்சன், ஏற்பவர் நிலைக்கு எது வேண்டுமோ அதை அறிந்து கொடுத்தான். இன்று அந்நாளில் பொன் வாங்குவது எங்கும் வழக்கமாகிவிட்டது. பகவன் ஏற்காது விட்ட பொருள்களுள் முதலாவது பொன்னே என்பதை நினைவிற் கொள்வது நன்று.

இப்படிப்பினை முனிவருக்கு அளிக்கும் ஆகார தானத்தோடு முடிவதன்று. எல்லா உயிர்களிடத்தும் நாம் காட்டும் தயைக்கும் இதுவே அளவுகோல். ஓர் உயிர் எங்கு வாழ்கிறது, எதை உண்கிறது, எப்போது முட்டையிடுகிறது, எதற்கு அஞ்சுகிறது என்று அறியாதவன் அதன்மீது எவ்வளவு அன்பு கொண்டிருப்பினும், பொன்னைக் கையில் ஏந்தி நின்ற அம்மக்களைப் போன்றவனே. ஆகவே நம் தோட்டத்தையும் குளக்கரையையும் உற்று நோக்குவது வெறும் பொழுதுபோக்கு ஆகாது. அது ஜீவதயையின் முதற்படி.

நற்காட்சி தொடங்கும் இடம்

மும்மணிகளுள் முதலாவதை நம் தமிழ் முன்னோர் நற்காட்சி என்றனர். மெய்ப்பொருளில் நம்பிக்கை என்பது அதன் பொருள். அந்நம்பிக்கை உயிருள்ளது எது, உயிரற்றது எது என்று பிரித்துணர்வதில் தொடங்குகிறது. தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என்னும் வரிசையில் புலன்கள் ஒவ்வொன்றாகக் கூடுவதைக் காட்டுகிறது. தொல்காப்பிய மரபியலும் புல்லும் மரமும் ஓரறிவு எனத் தொடங்கி, நத்தை இனம், கறையானும் எறும்பும், நண்டும் தும்பியும் எனப் படிப்படியாக உயர்த்திச் சொல்கிறது. மெய், வாய், மூக்கு, கண், செவி என்னும் புலன் வரிசை இரண்டிலும் ஒன்றே. இன்றைய உயிரியல் வேறு அளவுகோல்களைக் கொண்டு உயிர்களை வகுக்கும். நம் ஆசிரியர்கள் இவ்வாறு வகுத்ததன் நோக்கமோ, எதனை எவ்வளவு காக்க வேண்டும் என்று இல்லறத்தானுக்கு உணர்த்துவதாகும்.

இவ்வரிசை முழுவதையும் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சேலம் மாநகரில் அஸ்தம்பட்டியில் வாழ்வோர்க்கு வடக்கே சேர்வராயன் மலை எழுந்து நிற்கிறது. அதன் அடிவாரத்திற்கு இப்பால் கன்னங்குறிச்சியில் மூக்கனேரி உள்ளது. மலையில் பெய்யும் மழைநீர் ஓடைகளாக இறங்கி அவ்வேரியைச் சேர்கிறது. நெடுங்காலம் கழிவும் களையும் சூழ்ந்து கிடந்த அந்த ஏரியை 2010ஆம் ஆண்டில் நகரத்து மக்கள் சிலர் முன்னின்று தூர்வாரினர். எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே சிறு சிறு திட்டுகளாகக் குவித்து, அவற்றின்மேல் மரக்கன்றுகளை நட்டனர். நாற்புறமும் நீர் சூழ்ந்த அத்திட்டுகள் மனிதரும் நாயும் எளிதில் அணுக முடியாத புகலிடங்கள் ஆயின. பறவைக்கு எது வேண்டும் என்று கண்டு செய்த பணிக்கு இது அண்மையிலுள்ள சான்று.

வைகாசிக் காலையில் வெயில் ஏறுமுன் வீட்டுத் தோட்டத்திலிருந்து அக்கரை வரை நடந்து பார்ப்போம். வேலியோரப் புல்லும் செம்பருத்தியும் ஓரறிவுயிர்கள். ஏரியின் வற்றிய விளிம்பில் நத்தைகள் சேற்றினுள் புதைந்து, ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மழையை எதிர்நோக்கிக் கிடக்கின்றன, இவை ஈரறிவுயிர்கள். வேம்பின் அடியில் மண்வரி எழுப்பியுள்ள கறையானும், அதனருகே ஊரும் எறும்பும் மூவறிவுயிர்கள். நீர்மேல் நிற்கும் கோரைத் தண்டில் அமர்ந்தெழும் தட்டான் நாலறிவுயிர். நீருள் திரியும் மீனும், கரையிலுள்ள தவளையும், மேலே பறக்கும் புள்ளும் ஐயறிவுயிர்கள். நூலிற் கற்ற பாடம் முழுவதும் அரைமணி நேர நடையில் கண்முன் விரிகிறது.

நடக்கும் முறையையும் நம் முனிவரிடமே கற்கலாம். நான்கு முழ அளவு முன்னிலத்தை நோக்கி, உயிர்களுக்கு ஊறு நேராது அடியெடுத்து வைப்பது ஈர்யா சமிதி. அமரும் இடத்தையும் மயிற்பீலியால் மெல்ல வருடிய பின்னரே அமர்வர். இல்லறத்தார்க்கு அவ்வொழுக்கம் முழுமையாக விதிக்கப்படவில்லை எனினும், குளக்கரையில் நடக்கும்போதேனும் அதனைப் பயிலலாம். பேச்சைக் குறைத்து, பார்வையைத் தாழ்த்தி நடப்பவனுக்கே உயிர்கள் தம்மைக் காட்டுகின்றன.

இப்பருவத்தில் நிகழ்வன

இளவேனிலின் பிற்பகுதி பல உயிர்களுக்கு இன்னல் மிகுந்த காலம். இனம் பெருக்கும் காலமும் அதுவே. குளிர்காலத்தில் வடதிசையிலிருந்து வந்த வாலாட்டிகள் திரும்பிச் சென்றுவிட்டன. இங்கேயே வாழும் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஆண்டு முழுதும் மண்ணிறமாய்க் காணப்படும் மடையானின் முதுகு இப்போது கருஞ்சிவப்பு நிறம் கொள்கிறது. வெள்ளை உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் பொன்னிறம் ஏறுகின்றன. காகம் முட்டையிடும் காலம் நோக்கிக் குயில் அதன் கூட்டை நாடுகிறது. தேன்சிட்டு சிலந்தி நூலால் நாரையும் சருகையும் பிணைத்துத் தொங்கும் கூடு சமைக்கிறது. நம் வாயிற்கொடியே அதற்குப் போதுமானது. தையற்சிட்டு அகன்ற இலையின் விளிம்புகளை நாரால் தைத்து அதனுள் முட்டையிடுகிறது. முக்குளிப்பான் நீர்ச்செடிகளைக் குவித்து மிதக்கும் கூடு கட்டுகிறது. கூட்டை விட்டு நீங்குமுன் முட்டைகளைப் பாசியால் மூடிச் செல்கிறது.

இவற்றுள் நம் சிந்தனைக்கு மிகவும் உரியது ஆட்காட்டிப் பறவை. இது கூடு கட்டுவதில்லை. ஏரிக்கரையிலும், வெறுமையாய்க் கிடக்கும் வீட்டு மனையிலும் தரையைச் சிறிது குழித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். கூழாங்கல் போன்ற நிறமும் புள்ளிகளும் உடைய அவை, அருகில் நின்றாலும் எளிதில் கண்ணுக்குப் புலப்படா. நண்பகல் வெப்பத்தில் தாயும் தந்தையும் நீர்நிலைக்குச் சென்று தம் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து, அவ்வீரத்தால் முட்டையைக் குளிர்விக்கின்றன. நம் காலடி அணுகும்போது அது வானில் வட்டமிட்டுக் கதறுகிறது. அதன் குரலை அறிந்தவன் நின்று, தரையை நோக்கி, வேறு வழியே விலகிச் செல்கிறான். அறியாதவனோ முட்டையை மிதித்தபின்னும் அறியமாட்டான். கொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இல்லை; ஆயினும் நான்கு உயிர்கள் போயின. நம் நூல்கள் பிரமத்தம், அதாவது கவனமின்மை, இம்சைக்கு மூலம் என்று ஏன் வற்புறுத்துகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

பார்சுவநாதர் வரலாற்றிலும் இதே செய்தி உள்ளது. தவசி ஒருவன் தீ வளர்ப்பதற்கென வைத்திருந்த கட்டையினுள் இரு பாம்புகள் இருந்தன. தவம் செய்வதாக எண்ணியவன் அவற்றைக் காணவில்லை. இளங்குமரராயிருந்த பார்சுவர் கண்டார். நமக்கு அவருடைய அவதி ஞானம் இல்லை. ஆனால் கோடையில் தோட்டத்துச் சருகைக் குவித்துத் தீயிடுமுன் அதனைக் கோலால் மெல்லப் புரட்டிப் பார்க்கும் அளவு கண் உண்டு. அச்சருகினடியே அரணையும், தேரையும், மரவட்டையும் வெயிலுக்கு அஞ்சி ஒதுங்கியிருக்கின்றன. தீயிடாது மரத்தடியிலேயே பரப்பிவிட்டால் அவற்றுக்கு நிழலும் மண்ணுக்கு உரமும் ஆகும்.

வடித்தெடுத்ததை மீண்டும் விடுதல்

இனி, நம் சமுதாயம் கருத்தூன்றி எண்ண வேண்டிய ஒன்றைக் கூறுகின்றோம். புண்ணிய நாள்களில் கூண்டுப் பறவைகளை விலைக்கு வாங்கி வானில் விடுவதும், தொட்டி மீன்களை வாங்கி ஏரியில் விடுவதும் ஜீவதயை என்று நாடெங்கும் பலரால் செய்யப்படுகின்றன. அவர்தம் உள்ளம் தூயது என்பதில் ஐயமில்லை. விளைவையோ நாம் காண வேண்டும்.

விடுவிப்பதற்கென்று பறவையை விலை கொடுத்து வாங்குவோர் உளர் என்று அறிந்த வேடன், அந்நாளை எதிர்நோக்கிப் புதிதாகக் கண்ணி வைக்கிறான். கண்ணியிலும் கூடையிலும் வழியிலும் மடிந்தவை போக எஞ்சியவையே நம் கைக்கு வருகின்றன. சிறகு வெட்டப்பட்டு, இரையும் நீருமின்றி வாடி, அறியாத ஊரில் விடப்படும் கிளி, பறக்க இயலாது காகத்துக்கும் பூனைக்கும் இரையாகிறது. பச்சைக்கிளி, சில்லை போன்ற நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. வாங்குவோர் இல்லையேல் பிடிப்போரும் இல்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்று அறிந்த நாம், நம் பணம் செய்விக்கும் செயலைக் கண்மூடிக் கடக்கலாகாது. கூண்டில் அடைபட்ட பறவையைக் கண்டால் வனத்துறையினருக்குத் தெரிவிப்பதே உரிய வழி. காயமுற்ற பறவையை மருத்துவரிடம் சேர்ப்பதும் அவ்வாறே. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள திகம்பர ஜினாலய வளாகத்தில், பறவைகளுக்கென்றே நம்மவர் ஒரு மருத்துவமனையை நெடுங்காலமாக நடத்தி வருகின்றனர். அது பறவையின் நோயைக் கண்டு செய்யும் தயை.

மீன்களுக்கும் இதுவே. வேற்று நாட்டு மீனையும், கண்ணின் பின்னே செந்நிறக் கோடுடைய வட அமெரிக்க ஆமையையும் நம் ஏரியில் விட்டால், ஒன்று அவை மடியும்; அன்றேல் பெருகி இங்குள்ள உயிர்களின் இரையையும் இடத்தையும் கவர்ந்து கொள்ளும். ஓர் உயிரைக் காத்ததாக எண்ணி ஓர் ஏரியின் உயிர்களையே நெருக்கடிக்குள்ளாக்கியவர் ஆவோம். கோடையில் நீர் குறைந்த குளத்தில் மீன்களுக்கென்று பொரியை மிகுதியாகக் கொட்டுவதும் தீங்கே. உண்ணாது எஞ்சியது அழுகி நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைக்கிறது. மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன.

இவ்வறிவு நமக்குப் புதியதன்று. நம் பாட்டியர் நீரை இரட்டையாய் மடித்த துணியில் வடித்தபின், துணியில் தங்கிய நுண்ணுயிர்களை என்ன செய்தனர்? கண்ட இடத்தில் உதறிவிடவில்லை. வடித்த நீரை ஊற்றி அத்துணியை அலசி, எந்தக் கிணற்றில் நீர் எடுத்தனரோ அந்தக் கிணற்றிலேயே, நீர்மட்டம் வரை கலத்தை இறக்கி மெல்ல விட்டனர். ஒரு கிணற்று உயிரை மறு கிணற்றில் விடுவதும் குற்றம் என்று கொண்டனர். ஒவ்வோர் உயிருக்கும் தனக்குரிய நீரும் நிலமும் உண்டு என்னும் உண்மையை அவர்கள் அடுக்களையிலேயே கடைப்பிடித்தனர். கண்ணுக்குப் புலனாகாத உயிர்க்கு அவர்கள் தந்த மதிப்பைக் கண்முன் துடிக்கும் கிளிக்கும் மீனுக்கும் நாம் தரவேண்டாமா?

ஓர் ஐயமும் விடையும்

மீன்கொத்தி மீனைப் பற்றுகிறது. பாம்பு தவளையை விழுங்குகிறது. இவற்றைக் கண்டுகொண்டிருப்பது இம்சைக்கு உடன்படுதல் ஆகாதா என்று சிலர் வினவலாம். காண்பது வேறு, உவப்பது வேறு. மீனைப் பறிகொடுத்த மீன்கொத்தி பசித்திருக்கும். அதன் குஞ்சுகள் மண்வளையினுள் காத்திருக்கும். ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரைப் பட்டினியிட நமக்கு உரிமையில்லை. அவ்விடத்தில் நமக்கு விதிக்கப்பட்டது நடுவுநிலைப் பாவனை. அன்றியும், எவ்வுயிரையும் கொடியது என்று வெறுக்க நமக்கு இடமில்லை. மகாவீரராகப் பிறந்த ஆன்மாவே முன்னொரு பிறவியில் சிங்கமாயிருந்து, முனிவர் அறவுரையால் தெளிவு பெற்றது என்று நம் புராணங்கள் கூறுகின்றன. நாம் காக்க வேண்டிய விரதம் நம்முடையது. நம் மனம், மொழி, மெய்களால் நேரும் தீங்கைக் குறைப்பதே நம் கடன்.

உணவும் நீரும் தடுத்தல்

அஹிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவிறந்த சுமை ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. உரையாசிரியர்கள் பெரும்பாலும் வீட்டு விலங்குகளை எண்ணியே இவற்றை விளக்கினர். இன்று ஐந்தாவதன் எல்லை விரிந்துள்ளது. ஓர் ஓடையை மறித்துச் சுவர் எழுப்பும்போதும், குட்டையை மண்ணிட்டு மேவி மனையாக்கும்போதும், ஏரியில் சாக்கடையைத் திருப்பும்போதும், எண்ணற்ற உயிர்களின் உணவும் நீரும் ஒரே நாளில் தடுக்கப்படுகின்றன. கோடையில் வற்றிய குட்டையைப் பயனற்ற பள்ளம் என்று காண்பவன், அதன் சேற்றினுள் உறங்கும் நத்தையையும் தவளையையும் காணாதவன். முதல் கோடை மழை பெய்த இரவில் அப்பள்ளம் முழுவதும் தவளைகளின் குரல் எழும்போதே அது எத்தனை உயிர்களின் இல்லம் என்பது தெரியும். நிலமும் மனையும் வாங்கி விற்போர் நம்மிடையேயும் உளர். பத்திரத்தைப் பார்ப்பதுபோல் பள்ளத்தையும் பார்த்து முடிவு செய்க என்று அவர்களை வேண்டுகின்றோம்.

இதற்கு மாறாக, நீர்நிலையைக் காத்தவர்க்கு உயிர்களும் கைம்மாறு செய்கின்றன. மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் ஊரார், ஏரிக்கு வரும் பறவைகளைச் சுட விடாமல் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அன்றைய ஆட்சியரிடம் முறையிட்டுக் காத்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயலுக்கு உரமாயிற்று. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை நிற்பவை என்னும் நம் ஆகமக் கருத்து அவ்வூர் வயலில் நெல்லாய் விளைந்தது எனலாம்.

நாம் மேற்கொள்ளத் தக்கன

ஒவ்வோர் இல்லத்திலும் இப்பருவத்தில் கைக்கொள்ளக்கூடிய சில நெறிகளைக் கூறி அமைகின்றோம். அகன்று ஆழம் குறைந்த மண்கலத்தில், பூனை பதுங்க இடமில்லாத நிழலில் நீர் வைப்போம். நாள்தோறும் பழைய நீரைச் செடிக்கு ஊற்றிக் கலத்தைத் தேய்த்துப் புதுநீர் நிரப்புவோம். அவ்வாறு செய்தால் கொசு முட்டையிட்டுப் பெருகவும், பின் அதனைக் கொல்லவும் நேராது. மரக்கிளை தறிக்குமுன் கூடு உளதா என்று அண்ணாந்து நோக்குவோம். இருப்பின் குஞ்சுகள் பறக்கும்வரை பொறுப்போம். கோடை மழைக்குப் பின் ஈசல் எழும் மாலையில் முற்றத்து விளக்கைச் சிறிது நேரம் அணைத்து வைப்போம். இரவுணவு நீக்குதலின் நன்மையையும் அம்மாலையே நமக்குக் காட்டிவிடும். திறந்த தொட்டியினுள் சாய்வாக ஒரு பலகை வைப்போம். தவறி விழுந்த அணிலும் தேரையும் ஏறிப் பிழைக்கும். பயனின்றி மண்ணைக் கிளறுதலும், நீரைச் சிந்துதலும், செடியைக் கிள்ளுதலும் அனர்த்த தண்டம் என்று சிறுவர்க்குச் சொல்லிக் கொடுப்போம். சொல்வதோடு நில்லாமல் அவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, கூட்டை நெருங்காது எட்டி நின்று காணப் பழக்குவோம். தான் கண்டு பெயர் அறிந்த உயிரைக் கல்லெறிந்து விரட்டச் சிறுவர் மனம் ஒப்பாது.

சாதுர்மாஸ்யம் தொடங்கச் சில வாரங்களே இருக்கும் காலம் இது. மழையில் உயிர்கள் பெருகும் என்று கண்டே நம் முனிவர் நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்கும் நெறியை மேற்கொண்டனர். பருவத்தையும் உயிர்களின் நிலையையும் நோக்கித் தம் வாழ்வையே அமைத்துக்கொண்ட மரபு நம்முடையது. அம்மரபின் வழிவந்த நாம், வரும் அட்சய திருதியை அன்று பொற்கடைக்குச் செல்லுமுன் நம் தோட்டத்தையும் அருகிலுள்ள நீர்நிலையையும் ஒருமுறை சுற்றி வருவோம். அங்கு எவ்வுயிருக்கு எது வேண்டும் என்று கண்டு, சிரேயாம்சனைப் போல் அதனையே கொடுப்போம்.

எல்லா உயிரும் இன்புறுக. அருகன் திருவறம் ஓங்குக.